துரை கொடுத்த கதிரை

…மற்றதெல்லாம் கழன்றுவிட்டது, இந்த மூலைத் திருகாணி மட்டும் அசையமாட்டேன் என்று நிற்கிறது, தலை தேய்ந்துபோய்த் திருப்புளி வழுக்கி வழுக்கிப் பெருவிரலில் குத்துகிறது, குத்தட்டும், இந்தக் கையைப் பார்க்க இனி யார் இருக்கிறார்கள்… குணமணி பின்விறாந்தையில் சாக்கை விரித்து, அதன்மேல் கதிரையை நிறுத்தி, முழங்காலில் நின்றுகொண்டு மல்லுக்கட்டினாள். வெளியே தூறல். நமுனுகுல மலை காலையிலிருந்தே முகம் காட்டவில்லை. நேற்று முழுவதும் இதன் கைகளையும் கால்களையும் சுரண்டியாயிற்று, பழைய வார்னிஷ் கருஞ்சிவப்புச் சுருளாக உரிந்து வந்தது, அடியில் தேக்கு மஞ்சளாக, இப்போதுதான் அறுத்த மரம்போல… இனி இந்த இருக்கைப் பலகையைக் கழற்றி, நடுவில் வட்டமாக அறுத்து, திரும்பப் பொருத்தி, வெள்ளை எனாமல் பெயின்ற் அடித்துவிட்டால் தினமும் கழுவலாம். லுணுகலையில் பாறூக் நானாவின் இரும்புக் கடையில் பெயின்ற் வாங்கும்போது, எதுக்கும்மா என்று அவர் கேட்டார், கதவுக்கு என்றாள். கதவுக்கு! எந்தக் கதவுக்கு? அடுத்த மாதம் புதுக் கிளாக்கர் வந்து திறக்கப்போகிற கதவுக்கா? குவாட்டர்ஸை விட்டு எழும்பவேண்டும் என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், மரியாதையாகத்தான் சொன்னான், ஒன்றும் அவசரமில்லை, மாத முடிவுக்குள் போதும் என்று… போதும், ஆனால் எங்கே போவது? வயிற்றில் ஒன்று பிறக்கவில்லை, ஊரில் வீடு இல்லை, உள்ளறையில் வலப்பக்கம் முழுவதும் விழுந்துபோய், பேச்சும் போய்க் கிடக்கிற ஒரு மனிதர், பழைய கிளாக்கர். இடது கை ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் செல்வநாயகம்தான் இந்த யோசனையைச் சொன்னவர். “அக்கா, ஆளைப் படுக்கையிலையே விட்டால் முதுகு முழுக்கப் புண் வைச்சிடும். ஒரு கதிரையிலை ஓட்டை போட்டுக் கீழை சட்டி வையுங்கோ. அதுக்காகவாவது ஒருக்கா எழுப்பி இருத்துங்கோ.” ஒரு கதிரை என்றுதான் சொன்னார், இந்தக் கதிரை என்று சொல்லவில்லை. குசினியில் பலகைக் கதிரை இரண்டு கிடக்கின்றன, எதற்கும் உதவாத வாங்கு ஒன்று கிடக்கிறது, ஆனால் அவள் கண் நேரே இதில்தான் போய் நின்றது. பாரமான கதிரை, சாயாது, கைகள் அகலம், ஆளைத் தாங்கும்… அதெல்லாம் செல்வநாயகத்துக்குச் சொன்ன நியாயம். உண்மையைச் சொன்னால் வயிற்றெரிச்சல். இத்தனை வருடம் யாரையும் கிட்ட அண்டவிடாமல் வைத்திருந்தீர்களே, இனி இதிலேயே இருந்து எல்லாவற்றையும் செய்யுங்கோ என்கிற வயிற்றெரிச்சல். படுத்த படுக்கையாகக் கிடக்கிற புருஷனில் இப்படியும் ஒருத்திக்குக் கோபம் வருமா? வருகிறதே. திருப்புளியை அழுத்தும்போது பல்லைக் கடிக்கிறாள், யாருடைய கழுத்து அது, திருகாணியினுடையதா?

இந்தக் கதிரை வந்த நாள் மட்டும் இன்னும் அழியாமல் இருக்கிறது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடமாகியும் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான், கிளாக்கர் பரமலிங்கத்தின் சேவையை மெச்சித் துரை தன் பங்களாக் கதிரையைக் கொடுத்திருக்கிறார் என்று ஆபீஸ் பியோன் முன்னால் ஓடிவந்து சொன்னான், பின்னால் இரண்டு பேர் தலையில் வைத்துத் தேயிலைக்குள்ளால் இறக்கிக்கொண்டு வந்தார்கள், கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள்… சந்தோசத்தில் சிரிக்கிறார்கள் என்றுதானே நினைத்தாள்? நாலு பக்கமும் பெட்டிபோலப் பலகை இறங்கி, முன்னால் கொடியும் பூவும் செதுக்கி, மேலே பிய்ந்த பிரம்பு இருக்கையோடு, ஒரு சிம்மாசனம் மாதிரி. அவள் ஓடிப்போய் மஞ்சள் தண்ணீர் கரைத்து ஆலாத்தி எடுத்தாள். சந்தனப் பொட்டு வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தாள். வேலை முடிந்து வந்த அவர், வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்று அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒருமாதிரிப் போயிற்று. மனுஷனுக்குச் சந்தோசத்தில் வாயடைத்துவிட்டது என்று அதையும் தானே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிரம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த தடித்த பலகையை அவரே பூட்டினார். மரவேலை தெரியாத மனிதர், வீட்டில் ஆணி அடிக்கவும் ஆள் கூப்பிடுகிறவர். தேத்தண்ணீர் கொண்டுபோனால் கதவிடுக்கால் வாங்கிக்கொண்டார். அவள் சிவப்பு வெல்வெட்டில் மெத்தை தைத்துப் போட்டாள். அன்றையிலிருந்து அது அவருடைய கதிரை. வேறு யாரும் அதில் இருக்கக் கூடாது, அவளும் கூடாது.

பெருமை தலைக்கேறிவிட்டது என்று ஆரம்பத்தில் அவளுக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான். பிறகு சிரிப்பு வரவில்லை. அண்ணை வந்தபோது சிரிப்பு அடியோடு போயிற்று. சுன்னாகத்திலிருந்து வைரவநாதன் அண்ணை, ரயிலிலும் பஸ்ஸிலும் அலைந்து, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று பார்க்க, ஒரு சாக்கில் பனாட்டும் ஒடியலும் கட்டிக்கொண்டு வந்து, களைத்துப்போய் நேரே அந்தக் கதிரையில் இருந்தார். குளிச்சுப்போட்டு வந்த இவர், துவாயோடு நின்று, “எழும்பும் வைரவநாதன், அதிலை இராதையும்” என்றார். அண்ணை பகிடி என்று நினைத்துச் சிரித்தார். “எழும்பும் எண்டு சொல்லுறன்.” அந்தக் குரல்… வீட்டு நாயை விரட்டுவதற்கும் அவர் அப்படிக் குரல் எழுப்பியதில்லை. அண்ணை எழும்பினார். “துரை குடுத்த கதிரையிலை நாங்கள் இருக்கக் கூடாதோ மச்சான்? சரி, நீரே இரும்” என்று சொல்லிவிட்டு, குடித்த தண்ணீர்ச் செம்பைப் படியில் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார். அவள் பின்னால் ஓடினாள், பங்களாச் சந்திவரைக்கும் அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். திரும்பியே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணை வீட்டிலிருந்து கலியாணத்துக்கும் சொல்லவில்லை, செத்தவீட்டுக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு அந்த ஒரு வாசல் திறந்திருந்தால் இந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கியிருக்கலாம்… ஒரு கதிரைக்காக! மனிதரைவிட மரம் பெரிதாகப் போயிற்றே உங்களுக்கு என்று அன்றிரவு கேட்டாள். அவர் கதிரையில் இருந்தபடியே விடியும்வரை விழித்திருந்தார்.

விழுந்து படுத்த பிறகாவது அந்தப் பிடிவாதம் போயிற்றா? அதுவும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இதை இழுத்துப் போட்டுக்கொண்டு, இத்தனை காலத்தில் முதல்முறையாக அவள் அதில் இருந்தாள், கஞ்சி பருக்க வசதி என்று… இல்லை, அதற்காக மட்டும் இல்லை, இருந்து பார்க்கவேண்டும் என்றுதான். அவ்வளவுதான், இடது கை எழும்பிவிட்டது. போ போ என்பதுபோல் வீசினார், தொண்டைக்குள் ஒரு சத்தம், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. கஞ்சி சிந்தி மெத்தையெல்லாம் நனைந்தது. அவள் எழும்பி நின்றதும்தான் கை இறங்கியது. அடுத்த வேளையும் அதே கூத்து. நின்றுகொண்டு பருக்கினால் பேசாமல் விழுங்குகிறார். வாயில் ஈ போனால் விரட்டச் சக்தியில்லை, பெண்டாட்டி ஒரு கதிரையில் இருந்தால் பொறுக்கவில்லை! அன்றைக்குக் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதாள். எத்தனை வருடம் இந்த மனிதருக்குச் சோறு வடித்தேன், எனக்கு இந்த வீட்டில் இருக்க ஒரு இடம் கிடையாதா என்று அழுதாள். பிறகுதான் செல்வநாயகம் வந்து ஓட்டை போடச் சொன்னது, பிறகுதான் இந்தத் திருப்புளி, இந்த வாள்… ஆ, அசைகிறது. மூலைத் திருகாணி கிரீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றியது.

பலகை இறுகிப்போயிருந்தது. திருப்புளியை இடுக்கில் கொடுத்து நெம்பினாள், ஒரு பக்கம் எழும்பியது, மற்றப் பக்கத்தையும் நெம்பிக் கையில் தூக்கினாள். அடியில் இன்னொரு பலகை இருந்தது. அதன் நடுவில் வட்டமாக ஓட்டை. அவளுடைய முதல் நினைப்பு என்னவென்றால், நல்லதாய்ப்போயிற்று, அறுக்கிற வேலை மிச்சம்… இப்போது நினைத்தாலும் கூசுகிறது, அப்படித்தான் நினைத்தாள், பாரமான வேலை ஒன்று தானாக முடிந்துவிட்டது என்று. விரலால் ஓட்டையின் விளிம்பைத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. முன்பக்கம் கொஞ்சம் நீண்டு, ஓரமெல்லாம் உருட்டி, தொடை உறுத்தாமல் இருக்க எவனோ பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. குனிந்து உள்ளே பார்த்தாள். சட்டி வந்து இருப்பதற்கு ஒரு மரவளையம், அதில் பழைய கறை வட்டமாக. நாலு பக்கமும் பெட்டிபோல் பலகை ஏன் இறங்கியிருக்கிறது என்று இத்தனை வருடமாக ஒருநாளும் யோசிக்காத புத்தி, இப்போது ஒவ்வொன்றாக யோசிக்கத் தொடங்கியது. வேண்டாம், யோசிக்காதே… கதிரை வந்த அந்த மாதம்தானே பங்களாவில் தண்ணீர் இழுக்கிற கக்கூஸ் புதிதாகக் கட்டினார்கள்? பதுளையிலிருந்து குழாய் ஏற்றிக்கொண்டு லொறி வந்தது, ஊரெல்லாம் அதே பேச்சு, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் பாயுமாம் என்று அவளே அவரிடம் வேடிக்கையாகச் சொன்னாள். அதே மாதம். அதே வாரமாகவும் இருக்கலாம். கையிலிருந்த பலகை சாக்கின்மேல் விழுந்தது.

செங்கமலம் வந்து நிற்பதை அவள் கவனிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற மூன்றாம் நம்பர் லயத்துக்காரி, அவரைத் தூக்கி இருத்துவதற்கு ஒத்தாசைக்கு வரச் சொல்லியிருந்தாள். தலையில் போர்த்திவந்த கொங்காணியை உதறி மழைத் தண்ணீரைத் தட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்து, “கழட்டிட்டீங்களாம்மா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். ஐயோ இதென்ன என்று கேட்கவில்லை, முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. குணமணி அந்த முகத்தையே பார்த்தாள்.

“உனக்குத் தெரியுமோ இது?”

செங்கமலம் கொங்காணியை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். “எங்க மாமனாருதானேம்மா அப்ப பங்களாவுல கக்கூஸ் சட்டி எடுத்தாரு. லயத்துல எல்லாருக்கும் தெரியுமுங்க. ஐயாவே ஒரு நா பொழுதுசாய லயத்துக்கு வந்து மாமனாருகிட்ட சொன்னாருங்க, அம்மா பொட்டு வச்சுப்புட்டாங்க, அவங்க காதுல இது விழக் கூடாதுன்னு. ஐயா வந்து கேட்டுக்கிட்டாரே, அதனால யாரும் வாயத் தொறக்கலீங்க.”

கேட்டுக்கிட்டாரே. கிளாக்கர் ஐயா, லயத்து வாசலில், சட்டி எடுக்கிறவனிடம் போய்… பொட்டு வைத்தாளே. பொட்டு மட்டுமா? நவராத்திரிக்கு நவராத்திரி இதன்மேல் வெள்ளைத் துணி விரித்துச் சரஸ்வதி படத்தையல்லவா வைத்தாள்! முதல் வருடம் அவர் வேண்டாம், மேசையிலை வையும் என்றார். துரை தந்த கதிரையைச் சரஸ்வதிக்கும் குடுக்க மனமில்லையோ என்று கேட்டு வாயை அடைத்தாள். போனவர் திரும்பி வந்து துணியை நாலாக மடித்துப் போடச் சொன்னார், ஏனென்று கேட்டாளா? தீட்டு, துடக்கு என்று தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆண்ட வீடு. லயத்துப் பிள்ளை தெரியாமல் கிணற்றுக் கயிற்றைத் தொட்டுவிட்டதென்று கயிற்றையே மாற்றியவள் அவள்! அந்த லயமெல்லாம் தெரிந்துகொண்டு, அவளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு, வருடா வருடம் அவள் கொடுத்த சுண்டலையும் அவலையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. சிரித்திருப்பார்களா, இரக்கப்பட்டிருப்பார்களா? சிரித்திருந்தால் பரவாயில்லை. இரக்கப்பட்டிருந்தால் இனி அந்தப் பெண்களின் முகத்தில் எப்படி முழிக்கிறது?

ஏன் இதைக் கொத்தி அடுப்பில் வைக்கவில்லை அவர்? வைத்திருக்கலாமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை… முடியாது. துரை ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு நேரே இந்த வீட்டுக்கு வந்தாரே. வாசலில் நின்று, மெத்தையும் பொட்டுமாக இருந்த கதிரையைப் பார்த்து, வெரி குட் கிளாக்கர், வெரி குட் என்று தோளில் தட்டினாரே. துரை வந்து தட்டிவிட்டுப் போனார் என்று அவள் ஊருக்குக் கடிதமே எழுதினாள்! துரை வேண்டுமென்று செய்தாரா, பெட்டிபோல ஒரு மரச்சாமான் கிடக்கிறது, கிளாக்கருக்கு உதவும் என்று ஒன்றும் நினையாமல் செய்தாரா? நினையாமல் செய்திருந்தால் அது இன்னும் கேவலம். அவர் தேங்க் யூ சேர் என்றிருப்பார். அவருக்கு வேறு என்ன தெரியும்? தேங்க் யூ சேர் என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தால், வீட்டில் ஒருத்தி ஆலாத்தித் தட்டோடு நிற்கிறாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்திருப்பாள்… சொல்லிச் சொல்லியே குத்தியிருப்பாள், ஆயுசுக்கும் குத்தியிருப்பாள், அது அவளுக்கே தெரியும். அதனால் அவரே ஏறி இருந்துகொண்டார். வேறு யாரும் இருக்கக் கூடாது என்றால் தானே இருக்கவேண்டும், வேறு வழியில்லை. அண்ணையை எழும்பச் சொன்னது… ஐயோ, அண்ணை. அண்ணைக்கு இப்போது எழுதலாம். எழுதினால் அண்ணை வருவார், நெஞ்சில் அடித்துக்கொண்டு வருவார். என்னவென்று எழுதுவது? அண்டைக்கு அவர் உங்களை எழும்பச் சொன்னது ஏனெண்டால் என்று தொடங்கினால், அதற்கடுத்த வரியில் இவர் இத்தனை வருடம் மறைத்ததையெல்லாம் அவள் கையாலேயே சந்தியில் போட்டு உடைக்கவேண்டும். போக ஒரு வாசல் வேண்டுமென்றால் அதைத்தான் எழுதவேண்டும். எழுதாவிட்டால் நடு றோட்டு.

பெயின்ற் அடிக்கவில்லை. டின்னைத் திறக்கவே மனம் வரவில்லை. கழுவித் துடைத்து, வளையத்தில் சட்டியை வைத்துப் பார்த்தாள், சட்டி அளவெடுத்ததுபோல் போய் இருந்தது. இரண்டு பேருமாக உள்ளே தூக்கிப்போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சுரண்டின மரத்தையும், பலகையில்லாத இருக்கையையும் அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே கிடந்தார். செங்கமலம், “கைய என் தோள்ல போடுங்கய்யா, வெக்கப்படாதீங்க” என்று அக்குளில் கைகொடுத்தாள், குணமணி இடுப்பைப் பிடித்தாள், எலும்பும் தோலுமாக இருந்தும் என்ன பாரம்… இருத்தியதும் அவருடைய இடது கை தன்பாட்டில் கதிரையின் கைப்பிடிக்குக் கீழே போய் ஒரு மரக்கொண்டியைத் தடவிப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு கொண்டி இருப்பது நேற்று முழுவதும் சுரண்டிய அவளுக்கே தெரியாது. விழாமல் பிடித்துக்கொள்ள, வெள்ளைக்காரன் வைத்த கொண்டி. எத்தனை நாள் இருட்டில் தனியாக இருந்து இதைத் தடவியிருப்பார்?

செங்கமலம் வெளியே போனபிறகு அவர் காதுக்குக் கிட்டக் குனிந்தாள். “இஞ்சாருங்கோ… எனக்கு ஏன் சொல்லேல்லை?” அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்காகத்தானா, இல்லை உங்கள் வெட்கத்துக்காகவா என்று கேட்க வந்தாள், கேட்கவில்லை. கேட்டால் மட்டும் எந்த வாயால் சொல்லுவார்? சொல்ல வாய் இருந்த காலத்தில் அவள்தான் இடம் கொடுக்கவில்லை.

கழுவி, துடைத்து, அவரைத் திரும்பக் கட்டிலில் கிடத்தினார்கள், செங்கமலம் போய்விட்டாள். பொழுது சாய்ந்து மழை வலுத்தது. குணமணி பழக்கதோஷத்தில் பலகையை எடுத்து ஓட்டையின்மேல் வைத்தாள், மெத்தையையும் எடுத்துப் போட்டாள், பிறகுதான் யாருக்காக மூடுகிறேன் என்று நினைத்தாள். கஞ்சிக் கோப்பையோடு கட்டிலடியில் நின்றாள். நாள் முழுவதும் முழங்காலில் நின்ற கால்கள் கடுத்தன. அறையில் இருக்க வேறு ஒன்றும் இல்லை. அவர் கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக, அவர் கையைப் பார்த்தபடி, அந்தக் கதிரையில் இருந்தாள். போர்வையின்மேல் இடது கை கிடந்தது. எழும்பும், இப்போது எழும்பும் என்று காத்திருந்தாள், எழும்பினால் நானும் எழும்பிவிடுவேன் என்று மனதுக்குள் சத்தியம்கூடச் செய்தாள்… கை எழும்பவில்லை. இருக்கட்டும் என்று விட்டாரா, இனித் தடுத்து என்ன என்று விட்டாரா, அவளுக்குத் தெரியவில்லை. முதல் கரண்டிக் கஞ்சியை அவர் வாயருகே கொண்டுபோனாள்.